தென்னூர் ஹெரால்டும் ஒரு துண்டு காந்தமும்

தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையில் காய் வாங்கப் போகிறவர்கள் நிறைய பேருக்கு அந்தக் காரைத் தெரியும். சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வருஷக் கணக்கில் நின்றது. தெருப் பையன்கள் கிரிக்கெட்டில் அதற்குத் தனிச் சட்டமே இருந்தது. பந்து கார் மேல் பட்டால் இரண்டு ரன். காருக்கு அடியில் போய்விட்டால் நாலு.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். அம்பாசடர் இல்லை. ஃபியட்டும் இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு வைத்த மார்க் 3.

இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. 1961-லிருந்து அங்கே ஹெரால்டு தயாரானது. 1968-ல் நான்கு கதவு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டு கெஸல் என்று வேறொன்று கொண்டு வந்தார்கள். எண்பதுகளின் முடிவில் கம்பெனியின் கார்க் கதையே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் பிறந்த கார் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள மிச்சமிருப்பது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வண்டிகள்தான்.

இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் வெறும் 948 சிசி. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளில் கார் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

சரி, வண்டிக்காரர் கதைக்கு வருவோம்.

அவர் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். எண்பதுகளில் இந்த ஹெரால்டை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து ஒரு நீள நோட்டுப் போட்டு, பெட்ரோல், ஆயில், பஞ்சர், வைப்பர் ரப்பர் எல்லாவற்றையும் பைசா சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார். ஒரே மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த நாளுக்கும் அதில் ஒரு வரி உண்டு. "பெட்ரோல் 5 லிட்டர், மிட்டாய் வகையறா" என்று. கண் பார்வை கொஞ்சம் மங்கியதும் ஓட்டுவதை நிறுத்தினார். தார்ப்பாய் வாங்கிப் போர்த்தினார். அதற்கும் வரி இருக்கிறது.

போன வருஷம் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, மண்டபத்துக்கு நம்ம வண்டியிலதான் போகணும்."

மகன் இரண்டு இடத்தில் விசாரித்தார். முதல் பட்டறையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பத்து நாள், 35,000 ரூபாய், டொக்கு எடுத்து, பட்டி பார்த்து, கலர் அடித்துப் புது வண்டி மாதிரி தருகிறோம் என்றார்கள். கேட்கவே இனிமையாக இருந்தது. இரண்டாவதாக வந்தவர் தென்னூரிலேயே சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விலையே சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தார். பெயின்ட் கீறாமல் இருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றி, வண்டியின் மேல் மெதுவாக நகர்த்த ஆரம்பித்தார்.

கூரையில் காந்தம் நன்றாக ஒட்டியது. பானெட்டிலும் ஒட்டியது. கதவின் மேல் பாதி வரை சரி, கீழ்ப் பாதிக்கு வந்ததும் தளர்ந்தது. பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் வைத்தார். காந்தம் தரையில் விழுந்தது.

"அய்யா, இங்க தகரம் இல்ல" என்றார் பாய்.

பெரியவர் நம்பவில்லை. பாய் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கூரை "டங்" என்றது. வளைவு "டொக்" என்றது, மரப் பலகையைத் தட்டினாற்போல. அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு உளியை வைத்து லேசாகத் தட்டினார். ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பாளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி வலை. வலைக்குப் பின்னால் செம்பழுப்புத் தூள். அவ்வளவுதான். சக்கர வளைவு என்ற ஒன்று அங்கே பல வருஷமாகவே இல்லை. இருப்பது போல ஒரு சிற்பம்தான் இருந்தது.

பெரியவர் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். தொண்ணூறுகளில் ஒரு பக்கம். "டிங்கரிங், பெயின்ட், முழு வேலை" என்று எழுதி, தொகையை எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். அவர் சரிசெய்ததாக எழுதியது, உண்மையில் மூடி வைத்தது. முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் தவறினால் ராத்திரி தூங்காதவர் அவர். சொந்த நோட்டில் இப்படி ஒரு பொய் வரி இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

துரு என்பது என்ன? இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை வண்டிகள் சீக்கிரம் அரித்துப் போவது அதனால்தான். திருச்சி வெயில் ஊர், காய்ந்த ஊர், இங்கே என்ன பயம் என்று தோன்றும். ஆனால் காரைத் துரு பிடிப்பது ஊரின் ஈரத்தை வைத்து அல்ல, காருக்குள் தேங்கும் ஈரத்தை வைத்து. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அதில் மண் அடைத்துவிட்டால் கதவே ஒரு தொட்டி. கால் மிதியடி ரப்பருக்குக் கீழே ஒருமுறை ஈரம் போனால் காய வழியில்லை. சக்கரம் வாரி அடிக்கும் சேறு வளைவுகளின் உள்பக்கம் அப்பிக்கொண்டு மாதக் கணக்கில் ஈரம் காக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது அந்தத் தார்ப்பாய். மழையை வெளியே நிறுத்தியது உண்மை. ஆனால் தரையிலிருந்து எழுந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்தது. காப்பாற்றப் போர்த்தியதே வண்டியை வேக வைத்திருக்கிறது. காருக்குக் காற்றுப் போகிற துணி உறை வேண்டும், அல்லது மேலே கொட்டகையும் நான்கு பக்கம் காற்றும் வேண்டும்.

துருவுக்கு இன்னொரு குணம், அது இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் பெயின்டுக்கு அடியில் கொப்புளமாகக் கிளம்புகிறது. வெளியே மிளகு அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே எட்டணா அளவுக்கு வேலை நடந்திருக்கும் என்பது பாய் சொல்லும் கணக்கு.

பாய் கடைசியில் தன் கணக்கைச் சொன்னார். அழுகிய இடமெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைக்க வேண்டும். மூன்று மாதம். தொகை முதல் பட்டறை சொன்னதைப் போல நாலு மடங்கு. தைக்குள் தகர வேலை முடியும், பெயின்ட் முடியாது.

அன்று ராத்திரி வீட்டில் ஒரு சின்னப் போர். மகன் சொன்னதில் தப்பில்லை. "இந்த வண்டிய வித்தா இந்தக் காசு வராதுப்பா. காயலான் கடையில போட்டா எடைக்குத் தருவான். பத்து நாள்ல பட்டி பார்த்துக் கலர் அடிச்சா கல்யாணத்துக்குப் போதும்ல? யாரு காந்தம் வெச்சுப் பார்க்கப் போறா?"

வணிகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டு வரும் செலவு வருவாய்ச் செலவு. அதன் ஆயுளையோ திறனையோ கூட்டும் செலவு மூலதனச் செலவு. தேர்வில் இரண்டு மதிப்பெண். ஆனால் தேய்மானம் போட்டுப் போட்டுப் புத்தக மதிப்பு ஒன்றுமில்லாமல் போன சொத்துக்கு, சந்தை விலையைவிட அதிகமாக ஒருவர் செலவு செய்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? எந்தப் புத்தகத்திலும் இதற்கு நேரான பதில் இல்லை.

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒரு தடவை மூடினதுக்குக் காசு குடுத்தாச்சு. ரெண்டாவது தடவை தெரிஞ்சே குடுக்க முடியாது."

ஐப்பசியில் வேலை ஆரம்பமானது.

ஹெரால்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அம்பாசடர், ஃபியட் எல்லாம் உடம்பும் எலும்பும் ஒன்றான கட்டுமானம். ஹெரால்டுக்குச் சேசிஸ் தனி, மேல்கூடு தனி. கூடும் ஒரே துண்டு அல்ல, பல பகுதிகளைப் போல்ட் போட்டு முடுக்கியது. இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-ல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டைச் செய்து தர ஆளில்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடத்தில் செய்து சேர்க்கிற மாதிரி வடிவமைத்தார்கள். அன்றைய நெருக்கடி, அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்துத் தென்னூர் டிங்கருக்கு வசதியாகப் போனது!

வசதி என்றாலும் போல்ட்டுகள் லேசில் வரவில்லை. மூன்று நாள் எண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். அப்படியும் வராததைக் கேஸ் வைத்துச் சூடாக்கினார்கள். அதற்கும் மசியாததை அறுத்தார்கள். அதற்கு முன்பே பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி வெளியே வைத்தாயிற்று. டேங்க் வண்டியில் இருக்கும்போது வெல்டிங் கம்பியைத் தொட மாட்டேன் என்பது பாயின் முதல் விதி.

இரண்டாவது விதி, கதவுகளை மாட்டி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ்ப் பலகையை வெல்டு வைக்க வேண்டும். கூட்டின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்ததும் மீதி லேசாகத் தொய்யும். அந்தத் தொய்வோடு பற்ற வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கதவு மூடாது. உள்ளே குறுக்குக் கம்பிகள் கொடுத்துக் கூட்டை நிறுத்தி வைத்தபிறகே வெட்டினார்.

வெட்டுவதில்தான் கை கூசும். ஓட்டை உள்ளங்கை அளவு என்றால், சுற்றிலும் பளிச்சென்ற தகரம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அழுகிய ஓரத்தில் புதுத் தகரத்தை வைத்தால் வெல்டு நிற்காது. நின்றாலும் துரு மறுபடி அங்கிருந்தே கிளம்பும். காலண்டர் அட்டையில் அளவு வெட்டி, அதைப் பார்த்து 20 கேஜ் தகரத்தில் துண்டு வெட்டி, வளைத்து, ஓரத்தோடு ஓரம் முட்டுகிற மாதிரி பொருத்தினார். மேலே ஒட்டுப் போடுவது போல வைத்தால் வேலை சுலபம். ஆனால் இரண்டு தகரத்துக்கு நடுவில் தண்ணீர் புக ஒரு சந்து கிடைத்துவிடும். வெல்டையும் நேர்கோடாக இழுக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, அரை அடி தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

இந்த ஊருக்கு இது புதிதா என்ன? 1928-லிருந்து பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்த இடம். திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பெல் இருக்கிறது, வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இரும்பைப் பற்ற வைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் திருச்சியில் ஏராளம்.

அடுத்தது டொக்கு. இடது முன் கதவில் எப்போதோ ஒரு தூண் இடித்த பள்ளம். அதன் மேலேயே நம்ம கிரிக்கெட் வீரர்களின் உபயத்தில் நாலைந்து சின்னப் பள்ளங்கள். :-) பள்ளம் என்றால் உள்ளிருந்து ஓங்கித் தட்டினால் போதும் என்றுதான் நினைப்போம். பாய் அப்படிச் செய்யவில்லை. கடைசியாக விழுந்த பள்ளம் முதலில் வெளியே வர வேண்டும், முதலில் விழுந்தது கடைசியில். விழுந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் வேலையே. ஒரு கையில் டோலி என்கிற இரும்புக் கட்டி, உள்பக்கம் தாங்க. மறு கையில் சுத்தியல், வெளியே மேடான ஓரத்தில் மெதுவாகத் தட்ட. ஓங்கி அடித்தால் தகரம் நீண்டுவிடும். நீண்ட தகரம் உள்ளேயும் நிற்காது, வெளியேயும் நிற்காது, எண்ணெய் டின் மூடி மாதிரி "டப்பு டப்பு" என்று அடிக்கும். அப்படி ஓர் இடத்தில் ஆகியிருந்தது. காலணா அளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத் துணியை வைத்தார். தகரம் சுருங்கி இறுகியது.

சரியாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

லேசான மேல் துரு இருந்த இடங்களைத் தேய்த்துவிட்டு ஒரு திரவம் பூசினார். கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பு கன்னங்கரேலென்று மாறியது. மகன் ஆச்சரியப்பட, பெரியவர் சிரித்தார். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சும் பழைய முறை அவருக்குத் தெரியும். அதே சங்கதிதான். கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது, துருவைக் கட்டிப் போடுகிறது. ஆனால் மேல் துருவுக்குத்தான் இது மருந்து. ஓட்டைக்கு அல்ல.

அதற்கு மேல் எபாக்சி பிரைமர். சிவப்பு ரெட் ஆக்சைடு மட்டும் போதாதா என்று மகன் கேட்டார். அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது, அடித்துவிட்டு மழையில் நிறுத்தினால் அடியில் மறுபடி துரு என்றார் பாய். கடைசியில் பட்டியும் பார்த்தார்! மகனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பட்டி தப்பில்ல தம்பி. தகரம் இருக்கற இடத்துல, ரெண்டு மில்லிக்குள்ள, சமப்படுத்தப் போடலாம். தகரம் இல்லாத இடத்துல போடறதுதான் தப்பு."

தை பிறந்தது. பாய் சொன்னது சொன்னபடி. தகர வேலை முடிந்திருந்தது, பெயின்ட் இல்லை. கல்யாணத்தன்று காலையில் மங்கிய சாம்பல் நிறத்தில், பம்பர் கூட இல்லாமல், சாமந்தி மாலை போட்டுக்கொண்டு ஹெரால்டு மண்டப வாசலில் வந்து நின்றது. சொந்தக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "கலர் அடிக்கக் காசில்லையா?" என்று காது படவே ஒருவர் கேட்டார். பட்டுப் புடவையோடு இறங்கிய பெண், பின் சக்கர வளைவை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"டங்."

அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெயின்ட் பங்குனியில் முடிந்தது. ஹார்டனர் கலந்து அடிக்கிற இந்தக் காலப் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழலைக் கெடுக்கும். வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாயின் பட்டறையில் சரியான முகமூடி இருந்தது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. புதிதாகப் பதிகிறவர்களுக்கு வி.ஏ. வரிசை எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். சேசிஸிலும் கூட்டிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறார். இருபது வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். இருந்தாலும் சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வர முடியாத கார் எதற்கு என்பது அவர் கட்சி. இப்போது ஓட்டுவது மகன். பெரியவர் பக்கத்து சீட்டில்.

நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதினார் என்று கேட்கிறீர்களா? தலைப்பு எழுதவில்லை. தொகையை எழுதி, கோடு போட்டுவிட்டு, தொண்ணூறுகளின் அந்தப் பழைய பக்கத்துக்குப் போய் "முழு வேலை" என்பதை மட்டும் சிவப்பு மையில் அடித்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் தாத்தா வண்டி, அப்பா வண்டி என்று ஏதாவது நிற்கிறதா? தார்ப்பாயை எடுங்கள். கால் மிதியடியைத் தூக்கிக் கீழே பாருங்கள். கதவின் அடி ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. எங்கே காந்தம் விழுகிறதோ அங்கே முதலில் போங்கள், கலர் கடைக்குப் பிறகு போகலாம்.

தெருப் பையன்களும் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது பந்து கார் மேல் பட்டால் அவுட்.